சுண்டுவிரல் சண்டியரின் இரண்டாம் வருசம்

குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று தென்காசியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. சென்னையிலிருந்து லீவு போட்டு வந்த என் தம்பி மகள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஜப்பான்காரன் வரைந்த பொம்மைப் படம். உலகத்தைக் காக்கிற வீரர்களையெல்லாம் கேலி செய்கிற கதையாம். அதில் ஒருவன் கொட்டாவி விட்டாலே மலை போன்ற பூதம் சாய்ந்துவிடுகிறது. கீழே ஓடுகிற இங்கிலீஷ் எனக்குத் தெரியாது; தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். ஆனாலும் முகங்களைப் பார்த்தால் எனக்குக் கதை பிடிபட்டுவிடும்.

"மொத சீசன் பின்னிட்டான் அத்தை. இது ரெண்டாவது. பாதிப்பேரு ஆகா ஓகோங்காங்க, பாதிப்பேரு கழுவிக் கழுவி ஊத்துதாங்க. சண்டையவே காணும், எப்பப் பாத்தாலும் வீட்டுக்குள்ளயே கெடக்கான்னு. இப்படியே திட்டுனா மூணாவது எடுக்காமப் போயிருவாங்களோன்னு பயமா இருக்கு" என்று நகத்தைக் கடித்தாள்.

இரண்டாம் பாகத்துக்கு விழுகிற வசவை நான் பத்து வயதிலேயே பார்த்துவிட்டேன். நகம் கடிக்கப் பழகியதும் அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர் இலத்தூருக்குப் பக்கம். அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்றால் இருட்டினதும் வில்லுப்பாட்டு. அதற்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தை இளவட்டங்களுக்கு விட்டுவிடுவார்கள். அவர்கள் ஏதாவது கோமாளிக் கூத்துப் போடுவார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு வருசம் 'சுண்டுவிரல் சண்டியர்' என்று வேசம் கட்டினார். கோணிச்சாக்கு முதுகில் தொங்க, சுண்டுவிரலை முன்னால் நீட்டிக்கொண்டு வருவார். வைக்கோல் அடைத்த அரக்கன், புலி, கொள்ளைக்காரன், எது வந்தாலும் சுண்டுவிரலால் ஒரு தட்டு. பொத்தென்று விழும். விழுந்ததைப் பார்த்து, "இம்புட்டுத்தானா? நான் இன்னும் மொகங்கூடக் கழுவலியே" என்பார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அப்பா. இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிந்த ஆள் அவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. சண்டியர் தன்னைப் புகழ்வதற்காகத்தான் வந்தார் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கூத்து முடிந்ததும் மச்சினன் தலையில் தன் கையாலேயே பட்டுத்துண்டு கட்டினார்.

அடுத்த கொடை வந்தது. "இந்த வருசம் சண்டியரு யாரச் சாய்க்கப் போறாரு?" என்பதுதான் கிணற்றடியிலும் டீக்கடையிலும் பேச்சு. கொடையன்று மத்தியானம் மாமா என்னைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"ஏட்டி, கூத்துக்கு ஒரு செம்பு வேணும். ஒங்கப்பா தண்ணி குடிக்காருல்லா, அந்த நசுங்கின செம்பு. அத எடுத்துட்டு வா."

"பளபளன்னு புதுச் செம்பு ரெண்டு இருக்கே மாமா?"

"அது வேண்டாம். நசுங்கினதுதான் வேணும்."

அது எப்படி நசுங்கியது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் செம்பு பறக்கும். சுவரில் பட்டால் செம்பு நசுங்கும். சுவரில் படாத நாளில் அம்மா தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போவாள்.

பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்ததிலிருந்து நகத்தைக் கடிக்க ஆரம்பித்தேன். அப்பா கண்டுபிடித்துவிட்டால்? எனக்கு விழப்போகிற அடியைக்கூட நான் நினைக்கவில்லை. மாமாவை இனி வாசல் மிதிக்க விடமாட்டாரே என்பதுதான் பயம். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான்.

கோயில் முன்னால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா முன்வரிசையில், நாற்காலியில். நான் திரையாகக் கட்டின வேட்டிக்குப் பின்னால், அதன் கிழிசலில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

அரக்கன் வரவில்லை. புலி வரவில்லை. உலகத்தையெல்லாம் சாய்த்துவிட்டுச் சண்டியர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சேலை கட்டிய ஊர்த் தையல்காரர்தான் பெண்டாட்டி. ஒரு வாய் வைத்ததும் சண்டியர் உறுமினார்: "உப்பு எங்கட்டி?" செம்பு பறந்தது. கல்லில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அறிவேன்.

பெண்டாட்டி அதை எடுத்துத் துடைத்து, வெறுஞ்செம்பாகவே முன்னால் வைத்தார். "தண்ணிய நீங்களே மோந்து குடிங்க. ஒலகத்தச் சாய்ச்ச வெரலுக்கு ஒரு செம்புத் தண்ணி பாரமா?"

சண்டியர் எழுந்தார். அவருக்குத் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உரலுக்குள் பார்த்தார். கோழிக்கூடையைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் பெண்கள் பக்கம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு ரகசியமாகக் கேட்டார்: "ஏளா, நம்ம வீட்ல பானை எங்கன இருக்கு?"

பெண்கள் பக்கம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. "அடுப்புக்கு எடப்பக்கம் பாருவே, சண்டியரே!" என்று ஒரு ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்.

ஆண்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன், "அரக்கன் எங்கலே?" என்றான். "சண்டையப் போடுலே!" "போன வருசத்துக் கால்தூசிக்குக் காணாதுலே இது!" விசில் பறந்தது. பாதிப்பேர் எழுந்து பலூன்கடைப் பக்கம் போய்விட்டார்கள்.

அப்பா விசில் அடிக்கவில்லை. செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். என் விரலில் கடிக்க நகம் மிச்சமில்லை.

சாயத்தை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு மாமா செம்போடு கிளம்பினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க வராதீங்க மாமா, நான் கொண்டு வச்சிருதேன். அப்பா வெட்டிருவாரு."

"அத்தான நேர்ல ஒரு வார்த்த கேக்க எனக்கு முறை கெடையாதுட்டி. கேலி பண்ண முறை இருக்கு. கொடையில பண்ணுன கேலிக்குக் கோவிச்சா ஊரு அவரத்தான் சிரிக்கும்" என்றார். சொன்னாரே தவிர, வழியெல்லாம் அவர் மோதிரம் செம்பில் பட்டுக் கிணுகிணு என்றது.

வீட்டில் அப்பா இலைமுன் உட்கார்ந்திருந்தார். அம்மா குனிந்த தலை நிமிராமல் பரிமாறிக்கொண்டிருந்தாள். மாமா வெறுஞ்செம்பை இலைப் பக்கத்தில் வைத்தார். அப்பா அவரைப் பார்த்தார். செம்பைக் கையில் எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா அடுக்களைக்குள் நின்றிருந்தார், கையில் செம்போடு. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சோற்றுப் பானையைத் திறந்து மூடினார். பானையைக் காட்டிக்கொடுக்க நான் ஓடப் பார்த்தேன். அம்மா என் சடையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற மாதிரி, இறுக்கி. அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியில் அவரே கண்டுபிடித்தார். மோந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், மாமாவைப் பார்க்காமலே சொன்னார்: "போன வருசந்தாம்லே நல்லாருந்துச்சு."

மாமாவுக்கும் இலை விழுந்தது. ஆனாலும் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. மாமாவின் கூத்துத் தோற்றுப்போய்விட்டது என்று நினைத்தேன். அப்பாவே சொல்லிவிட்டாரே. மூன்றாம் வருசம் சண்டியர் வரவும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர் மாமாதான். ஊர் திட்டினதில் பயந்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அப்பா அன்றோடு திருந்திவிட்டார் என்று கதை விடமாட்டேன். கடைசிவரை அவர் குரல் அந்தக் குரல்தான். பளபளக்கிற செம்பு இரண்டு இருக்க, நசுங்கினதை மாமா ஏன் கேட்டார், மூன்றாம் வருசக் கூத்தை ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்குக் கல்யாணமாகி, எனக்கென்று ஓர் அடுப்பு வந்த பிறகுதான் விளங்கியது. அந்தக் கொடைக்குப் பிறகு அம்மா முக்காடு போடவில்லை. தினமும் சாம்பல் போட்டு அந்தச் செம்பைத் தேய்த்தவள் நான். அதில் புதிதாக ஒரு நசுங்கலும் விழாததை என் விரல் அறிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.