மாதா திருநாளில் பூட்டிய கடைகள்

விமானம் பிந்தினாலும் டிக்கெட் போட்டவள் பிழை, போன ஊரில் மழை பெய்தாலும் டிக்கெட் போட்டவள் பிழை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடல் கடந்து வந்து, ஒடாஹுஹு என்கிற புறநகரில் பதினைந்து வருடமாய் டிக்கெட் ஏஜென்சி வைத்திருக்கிறேன். எந்த நாட்டைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வேன். என் பலமும் வியாதியும் அதுதான்.

எழுத்துக்கு ஒரு லீவு

பக்கத்து ஊரான தகனினியில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மே மாதம் குடும்பத்தோடு பல்கேரியா போனார். நடுவில் தேசிய விடுமுறை வந்தது, அவர்களுடைய அகரவரிசைக்கான நாள். எல்லாம் பூட்டியிருக்குமோ என்று பயந்தவரைத் தைரியம் சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே கடைகள் திறந்திருந்தன, பிள்ளைகள் பூவோடு ஊர்வலம் போனார்களாம். திரும்பி வந்தவரின் முகம் மட்டும் தொங்கியிருந்தது. "அவங்க எழுத்துக்காக லீவு விட்டுக் கொண்டாடுறாங்க மேடம். என் பசங்களுக்கு 'அ' எழுதத் தெரியாது."

அதே பக்கத்து நாடுதானே

மாசி என்கிற இன்னொரு புறநகரில் இருந்து அன்ரனி அண்ணையும் மனைவி ஜெயசீலி அக்காவும் வந்தார்கள், மன்னார் ஆட்கள். மகள் கட்டப்போவது குரோஷியப் பெடியனை. அவனுடைய தாய்தகப்பன் அங்கே ஒரு கடற்கரை ஊரில். தாய்க்கு இந்தச் சம்பந்தத்தில் இன்னும் அரைமனம், அதனால் முதல் சந்திப்பு பிசகக் கூடாது. ஓகஸ்ட் பதினைந்து மாதா திருநாள், அங்கே பொது விடுமுறை. காலையில் போய் இறங்கி, மத்தியானம் சம்பந்தி வீட்டில் சாப்பாடு.

கேக்கும் பழத்தட்டும் அங்கேயே வாங்கலாமா என்று அக்கா கேட்டார். பல்கேரியாவில் கடைகள் திறந்திருந்ததை நம்பி, ஓம் என்றேன். அண்ணையும் சேர்ந்துகொண்டார். "எங்கட மடு மாதா திருவிழாவில கடை இல்லாத இடம் இருக்கே? திருநாளெண்டால் சனம், சனமெண்டால் கடை."

அங்கே காலை ஒன்பது மணி

இங்கே பின்னேரம் ஏழு. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜெயசீலி அக்காவின் போன் வந்தது. கேக் கடை, பழக்கடை, பூக்கடை எல்லாம் பூட்டு. அந்த நாட்டில் விடுமுறை என்றால் கடைக்காரருக்கும் விடுமுறை. சாட்டுச் சொல்லவில்லை, பிழை என்னுடையது என்றேன். அக்கா ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். மெதுவாய்த்தான் கேட்டார். "வெறுங்கையோட எப்பிடித் தங்கச்சி அந்தப் படி ஏறுறது?"

பவனி

மூன்று கிழமை கழித்து இருவரும் வந்தார்கள். அன்று கடை தேடுவதை விட்டுவிட்டு, மணிச்சத்தம் கேட்ட கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். படத்தில் பார்த்திருந்த சம்பந்தி குடும்பமும் அங்கேதான் நின்றதாம். பாஷை தெரியாத அக்கா, மடுவில் வாங்கிய தன் செபமாலையை அந்தத் தாயின் கையில் வைத்திருக்கிறார். அந்த அம்மா அதை முத்தமிட்டு, அக்காவின் கையைப் பிடித்தபடியே மாதா சுரூபப் பவனி முழுக்க நடந்து, அப்படியே வீட்டுக்கும் கூட்டிப்போனாராம்.

நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அக்கா விடவில்லை. "கடை திறந்திருந்தால் நாங்கள் கேக்கோட போய், விருந்தாளியா இருந்திட்டு வந்திருப்பம்."

சரியாய்ப் போட்டுக் கொடுத்த எந்த டிக்கெட்டுக்கும் இதுவரை ஒருவரும் நன்றி சொன்னதில்லை. பிழையாய்ச் சொன்ன இந்த ஒன்றுக்குத்தான் முதல் கலியாணக் கார்ட் என் மேசைக்கு வந்தது.