கம்பவுண்டர் வரைந்த வால்

செபாஸ்டியன் கம்பவுண்டர் போய்விட்டார். மூணாற்றிலிருந்து அவர் மகள் எழுதிய கார்டு நேற்றுக் கல்லூரிக்கு வந்தது. "அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் மருந்து கலக்கிக்கொடுத்த எஸ்டேட்டில் இரங்கல் கூட்டம் போட்டு, 'செடிகொடிகளை நேசித்த எளிய மனிதர்' என்று துரை பேசினாராம். பேசுவார், பேசுவார். வயிறு எரிகிறது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பூப் பைத்தியம் தெரியும். மாட்டுப்பட்டியில் அணை வேலை நடந்த சமயம், ஆடி மழையில், எஸ்டேட் ஓரத்துச் சதுப்புக்கு என்னை இழுத்துப்போனார். நான் பாலக்காட்டுக் கல்லூரியில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிவைக்கும் உத்தியோகஸ்தன். "காலுக்குப் புகையிலைத் தண்ணி பூசிக்கிடுங்க சாரே, அட்டை அண்டாது" என்றார். நன்றாகவே அண்டியது. கோரைக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு ஆர்க்கிட் செடிகள். ஒன்றில் மட்டும் ஒரு பூ விரிந்திருந்தது. வெளிறிய பச்சைப் பூ, பின்னால் நூலாக நீண்ட வால். சாதாரண இனத்துக்கு வால் குட்டை. இதற்கோ காம்பைப்போல இரண்டு மடங்கு. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அளந்தார், அளந்தபடியே வரைந்தார். பிறகு அந்தச் செடியை வேரோடு எடுத்தார்.

"இன்னொரு செடியும் எடுத்துக்கலாமே, ஓய்" என்றேன்.

"ஒண்ணு போதும் சாரே. ரெண்டு எடுத்தா கை மூணு கேக்கும்."

துரைக்கு அந்தச் சதுப்பை வடித்து யூகலிப்டஸ் நட ஆசை. கம்பவுண்டர் பங்களாவுக்கே போய்க் கெஞ்சினார். அரிய செடி என்று எழுத்தில் வந்தால் விட்டுவிடுவதாகத் துரை சொன்னார். "மருந்துச் சீசாவில லேபிள் மாறினா ஆள் போயிரும், இதுல மாறினா சதுப்பே போயிரும். பாத்து அனுப்புங்க சாரே" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

செடியை ஒட்டிய மாதிரித் தாளையும் படத்தையும் அரசாங்கத் தாவர ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பினோம். நிபுணர் ஒருவர், மகானுபாவர், நாற்காலியை விட்டு எழாமலே பதில் எழுதினார்: சாதாரண இனம், படத்தில் வால் கற்பனை. கற்பனையாம்! மழையில் நின்று அளந்தவன் கற்பனை செய்தானாம்! மறுமாதமே சதுப்பில் வாய்க்கால் வெட்டினார்கள். கம்பவுண்டர் இரண்டு செடிகளைச் சேற்றோடு பெயர்த்து மண்ணெண்ணெய் டின்னில் வைத்தார், அழுகிவிட்டன. நான் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. "விடுங்க சாரே, பெரியவுக பாத்துச் சொல்லியிருக்காக. எங் கண்ணுலதான் கோளாறு போல" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு பூவும் வரைந்து நான் பார்க்கவில்லை.

போன மாதம் அதே அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிபுணர் ஓய்வு பெற்று, வேறொருவர் வந்திருக்கிறார். ஈரத்தில் கோந்து இளகி, தாளில் செடியைப் பிடித்திருந்த காகிதப் பட்டை கழன்றதாம். அடியில் முழு நீள வால் இருந்ததாம். மிக அரிய இனம், படம் அப்பழுக்கில்லாதது, வரைந்தவருக்குப் பாராட்டு.

நிபுணர் அந்தப் பட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்திருக்கலாம். துரை அடுத்த பூ விரியும்வரை ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம். இருவரையும் வாயார ஏசிவிட்டேன். ஆனால் வாலின் மேல் அந்தப் பட்டையை ஒட்டியவன் நான். கடிதத்தை அவருக்கு அனுப்பினால் அதையும் எழுதவேண்டுமே என்று, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பியபடியே அவர் போய்விட்டார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். போன மாதமே உறையில் அவர் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டியிருக்கிறேன்.