இடது கன்னத்து அரிப்பு

மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு மட்டும் உடம்புக்கு எதுவும் வரக்கூடாது. வந்தால், மாத்திரை வாங்க வருகிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள்.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கணவர் குவைத்தில். வீட்டில் நானும் அவருடைய அம்மா, என் மாமியும்தான். மார்கழியில் அவர் லீவு முடிந்து விமானம் ஏறினார். தை பிறந்து கொஞ்ச நாளில் என் இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை சிவப்பாகத் தடித்து அரிக்க ஆரம்பித்தது. காரணம் தெரியாமல் சொறிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நான் சொல்வது புரியும். பத்துப் பேர் பார்க்கும்போதுதான் கை தானாக மேலே போகும்.

ஆளுக்கொரு காரணம்

பெண்ணாடத்திலிருந்து மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெரியவர் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எதிர் டீக்கடைக்காரர் கருவாடு என்றார். அதையும் விட்டேன். ஒரு டீச்சர் சோப்பு மேல் சந்தேகப்பட்டார், பயத்தமாவுக்கு மாறினேன். முக்காட்டுத் துணியாக இருக்கும் என்றார் இன்னொருவர். பருத்தியில் நாலு தைத்துக்கொண்டேன். அரிப்பு அசையவில்லை.

அடுத்த மாதம் பெரியவர் வந்தார். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். “கத்தரிக்காய நிறுத்தியும் போவலியா? அப்ப வெண்டக்காயாதாம்மா இருக்கும்.”

சொந்த மருந்து

கையில் படர்தாமரையோடு ஒரு காலேஜ் பெண் வந்தாள். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல களிம்பை எடுத்து வைத்து, எப்படித் தடவ வேண்டும், எத்தனை நாள் தடவ வேண்டும் என்று விளக்கினேன். அவள் டியூபைப் பார்க்கவே இல்லை. என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டியூபை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். “அக்கா, மொதல்ல நீங்க போட்டுப் பாருங்க. கேட்டுச்சுன்னா நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்.”

செல்வி பார்த்தது

அன்றைக்கே முதலாளி என்னை உள்ளே ஸ்டாக்கு அடுக்க அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர்தான், முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் அழுதது உண்மை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே மனிதர்களோடு பேசுவதுதான். கணவர் குவைத் போனபிறகு, நாள் முழுக்க பேச எனக்கு அந்தக் கடைக் கவுண்டர் ஒன்றுதான் இருந்தது.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் செல்வி என்னைத் தேடிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். செராமிக் பொம்மைப் பட்டறையில் அச்சில் மண் ஊற்றுகிறவள். அவளுக்கும் முன்பு கையெல்லாம் தோல் உரிந்து அரித்தது. எல்லோரும் மண் என்றார்கள். அரிப்பு மணிக்கட்டில் கோடு போட்ட மாதிரி நிற்பதைப் பார்த்து, காரணம் மண் இல்லை, போட்டிருந்த ரப்பர் கையுறைதான் என்று அவளே கண்டுபிடித்தாள். இப்போது என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “வலது பக்கம் ஒண்ணுமே இல்லியே! சோறும் சோப்பும் ஒரு பக்கமாவா போவும்? எடது கன்னத்துல தெனம் என்னா படுதுன்னு யோசிச்சுப் பாருங்கக்கா.”

ஸ்பீக்கர் பேச்சு

எனக்கு உடனே போன்தான் ஞாபகம் வந்தது. கணவரோடு பேசுவது எப்போதும் இடது காதில்தான். அன்று முதல் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினேன். பக்கத்தில் மாமி உட்கார்ந்திருப்பார். மழை உண்டா, அரிசி வந்ததா, கேஸ் தீர்ந்ததா. அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. மாமி எதிரே மற்றதைப் பேச முடியவில்லை. அரிப்பும் நின்றபாடில்லை. பத்தாவது நாள் அவர் கேட்டார். “என்ன நூரு, நியூஸு வாசிக்கற மாதிரி பேசற?”

திட்டக்குடியில் எட்டு நாள்

தங்கச்சிக்குப் பிரசவம் என்று திட்டக்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது, பத்தியச் சமையல் என்று எட்டு நாள் ஓடியதே தெரியவில்லை. கிளம்புகிற அன்று கண்ணாடி பார்க்கிறேன், கன்னம் சுத்தமாக இருக்கிறது. அம்மாவுக்கு ஒரே பெருமை. “பாத்தியா, நம்ம வூட்டுத் தண்ணி பட்டதும் சரியாப் போச்சு. ஒங்க மாமி வூட்டுத் தண்ணியே சரியில்ல.”

டாக்டரம்மாவின் கேள்வி

திரும்பி வந்த மூன்றாம் நாளே மறுபடியும் தடித்துவிட்டது. இனி தாங்காது என்று வாரம் இரண்டு நாள் ஊருக்கு வரும் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். நான் மாற்றிப் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். சென்ட் போடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான், நான் போடுவதில்லை. அடுத்து, எந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்று கேட்டார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் லீவில் வந்தபோது பாதி சென்ட் பாட்டிலை பீரோவில் விட்டுப் போயிருந்தார். தினமும் படுக்கும்போது அதை அவர் தலையணை உறையில் அடித்து, அதில் இடது கன்னத்தை வைத்துத்தான் தூங்குவேன். அது இருந்தால்தான் தூக்கம் வரும். திட்டக்குடிக்கு அதை எடுத்துப் போக வெட்கமாக இருந்தது. இத்தனையையும் அழுதுகொண்டே சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு களிம்பு எழுதினார், தண்ணீர் கொடுத்தார். “அரிப்புக்குத்தாம்மா எழுதித் தர முடியும். மத்ததுக்கு அவரத்தான் வரச் சொல்லணும்.”

வெள்ளிக்கிழமை போன்

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மொட்டை மாடிக்குப் போய், போனைப் பழையபடி இடது காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார்.    பிறகு குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அந்த சென்ட்ட நான் ஊருக்கு வரப்பதான் போடுவேன் நூரு. இங்க எனக்கு வெறும் வேர்வ நாத்தந்தான். ஒனக்கு அது தெரியவே தெரியாது.”

எந்த வாசனைக்காக இரண்டு மாதம் கன்னத்தைப் புண்ணாக்கிக்கொண்டேனோ, அது வருஷத்தில் முப்பது நாள் மட்டும் வருகிற ஒருவருடைய வாசனை. மீதி நாளெல்லாம் அங்கே வெயிலில் நிற்கிற மனுஷனை நான் மோந்து பார்த்ததே இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல், சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். “இன்னும் இல்ல. நீ கொஞ்ச நேரம் பேசு, அப்பறம் சாப்புடறேன்.”

மாமி கேட்டது

மறுநாள் காலையில் தலையணை உறையை வெந்நீரில் போட்டுத் துவைத்தேன். வாசனை போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை. மூன்றாம் முறை கை கசக்கிக்கொண்டிருந்தது, மனசு போகாதே போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாமி கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஈரத்தோடு அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். மாமிக்கு என் கணவர் ஒரே பிள்ளை. “இன்னும் கொஞ்சம் இருக்குது. எங்கிட்ட குடுத்துடு நூரு, எனக்குத்தான் எதுவும் அரிக்கலியே.”

இரண்டு வாரத்தில் கன்னம் பழையபடி ஆனது; நான் மறுபடியும் கவுண்டருக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கடையில் அரிப்புக்கு மட்டும் ஒரு அலமாரி நிறைய களிம்பு இருக்கிறது, ஆள் பக்கத்தில் இல்லாததற்குத்தான் எந்தக் கம்பெனியும் இன்னும் ஒன்றும் போடவில்லை. போட்டால், முதல் டப்பா எனக்கு, இரண்டாவது மாமிக்கு, உங்களுக்கு மூன்றாவதிலிருந்துதான்.