மஞ்சள் காப்பில் வந்தவள்

அம்மனை நம்புகிற எல்லோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் ஆடி மாதம் முழுக்க நான் படுத்த படுக்கை. வைட்ஃபீல்டில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். முதுகெலும்பு நகர்ந்து நரம்பை அழுத்தியதில் இடது கால் மரத்துக்கொண்டே வந்தது. ஆபரேஷன் செய்து திருகு போடாவிட்டால் நடக்கவே முடியாமல் போகலாம் என்றார் டாக்டர். எனக்கோ எந்த உலோகமும் உடம்புக்கு ஆகாது. தோல் பரிசோதனையிலும் அப்படித்தான் வந்தது. உலோகம் இல்லாத திருகு இருக்கிறதாம், விலை எங்களுக்கு எட்டாது. சாதாரணத் திருகே போதும், அதற்குத்தான் பணம் தருவோம் என்று இன்ஷூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் அன்று சாப்பிடவில்லை.

ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையில்தான் மாரியம்மன் கோயில். கூழ் ஊற்றுகிற நாள், மேளச் சத்தம் படுக்கை வரை வந்தது. எழுந்து போக முடியவில்லை. "வருஷா வருஷம் வந்தவளை எங்கேன்னு கேக்க மாட்டியா நீ?" என்று அவளோடு சண்டை போட்டேன். அழுது ஓய்ந்த பிறகு, "நீயே பாத்துக்க" என்று விட்டுவிட்டேன்.

வலி மாத்திரையில் கண் சொருகியது. வெளியே தூறல். மேளம் எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அம்மன் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கிரீடம் இல்லை, மூக்குத்தி இல்லை, கழுத்தில் குண்டுமணித் தங்கம்கூட இல்லை. மஞ்சள் காப்பு மட்டும். வெறுங்கழுத்தோடு, கூச்சமே இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண் விழித்த பிறகும் மஞ்சள் வாசனை இருந்தது. கனவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் தாலிப்பொட்டு பட்ட இடம் வெந்து, புண்ணாகி, தழும்பாகிவிட்டது. அதிலிருந்து கயிற்றில் கட்டிய மஞ்சள் கிழங்குதான் எனக்குத் தாலி. யாராவது எதிரே வந்தால் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வேன். ஆஸ்பத்திரியிலும் வளையல் போட்டால் அரிக்கும் என்றுதான் சொல்லியிருந்தேன்.

நாங்கள் மறுபடி விண்ணப்பித்ததால் இன்ஷூரன்ஸ் டாக்டரம்மா வீடியோ காலில் வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

"வெறும் அரிப்புக்காக இவ்ளோ காஸ்ட்லி திருகு எப்படிம்மா தர்றது?"

வழக்கம்போல் என் கை தலைப்புக்குப் போனது. அம்மனுடைய வெறுங்கழுத்து கண்ணுக்குள் வந்தது. தலைப்பை விலக்கினேன்.

"தாலி பட்ட இடம் மேடம். பொட்டோட அச்சு அப்படியே இருக்கு பாருங்க. கழட்ட மனசு வராம மாசக்கணக்குல தாங்கிக்கிட்டேன்."

அவருடைய விரல்கள் கழுத்திலிருந்த கருகமணித் தாலியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"தாலிய யாரும்மா சும்மா கழட்டுவாங்க? இதை ஏன் முன்னாடியே சொல்லல? ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கி அனுப்புங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

மறுவாரம் முழுச் செலவுக்கும் அனுமதி வந்தது. செல்வம் போனைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். "சத்தியமா நம்பவே இல்லடி" என்றார்.

ஆபரேஷன் முடிந்து இப்போது நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். கழுத்தை மூடுவதில்லை. யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர்களை விடுவதும் இல்லை. குனிய மட்டும் டாக்டர் அனுமதிக்கவில்லை. கோயிலில் எல்லோரும் விழுந்து கும்பிடும்போது நான் நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எழுந்து வர முடியாதவர்கள் படுத்த இடத்திலிருந்தே கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். நான் புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்தபோது, அவள்தான் என் வீட்டு வாசற்படி ஏறி வந்தாள்.