பின் சீட்டு இல்லாத காடி

என் காடியின் பின் சீட்டு சில வாரங்கள் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து நின்றது. காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். பக்கத்து வீட்டுப் பூனை அந்தச் சீட்டில் குடியேறிவிட்டது. நான் பல் விளக்கப் போகும்போதெல்லாம் அது ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்க்கும். அங்கே உட்கார வேண்டியவர் வேறு ஒருவர் என்று அதற்கும் தெரிந்திருந்தது போல எனக்குப் படும். மனசில் குற்றம் இருக்கிறவனுக்குப் பூனைகூடப் போலீஸ்தான்.

நான் தேயிலை ஸ்டோரில் மிஷின் பார்க்கிறவன். கொழுந்து கசக்கும் மிஷின், உலர்த்தும் மிஷின் எல்லாம் என் கையில். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. இந்த வயதில் ஒரு மனிதனுக்குச் சர்க்கரை வரலாம், பேரப்பிள்ளை வரலாம். எனக்குப் பந்தய ஆசை வந்தது. கம்போங் ராஜாவில் வெல்டிங் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி போனில் ஒரு வீடியோ காட்டினான். கீழே சமவெளியில் ஒரு பந்தயத் தடம். சில சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காடியைக் கொண்டுபோய் ஓட்டலாம். ஹெல்மெட்டும் நீளக் கை சட்டையும் இருந்தால் போதும். அதில் என்னைப் போல வயிறு வைத்த ஒருவன் வளைவில் பறந்தான். அன்றைக்கே நான் கெட்டுப்போனேன்.

வேகம் வேண்டுமென்றால் இரண்டு வழி என்றான் கூட்டாளி. ஒன்று, இஞ்சினைப் பெரிதாக்குவது. இன்னொன்று, காடியின் எடையைக் குறைப்பது. முதலாவதற்கு வசதி இல்லை. இரண்டாவதற்கு ஸ்பேனர் போதும்.

முதலில் குளிரூட்டும் ஏர்கானைக் கழற்றினேன். மலையில் அது எதற்கு? பிறகு கூடுதல் டயர், ஜாக்கி, தரை விரிப்பு, கதவுகளின் உள் அட்டை. தரைத் தகட்டில் சத்தம் வராமல் இருக்க ஒட்டியிருந்த தார்ப் பட்டையை உளி வைத்துச் சுரண்டினேன். கழற்றிய ஒவ்வொன்றையும் ஸ்டோருக்கு எடுத்துப் போய்க் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன். பின் சீட்டைத் தொங்கவிட்டபோது தராசுப் பக்கத்தில் நின்ற கங்காணி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஈரக் கொழுந்துக்கு எடை கழிக்கிற மாதிரி இதுக்கும் கழிக்கவா? சீட்டெல்லாம் உன் வேர்வை."

"கழிச்சுக்குங்க கங்காணி."

"அது சரி, இது இல்லாம அண்ணன் எங்க உக்காருவாரு?"

கொழுந்துப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தராசு முள்ளைப் பார்த்தேன்.

அண்ணன் என்று கங்காணி சொன்னது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எனக்கு எதிர் வீட்டுக்காரரை. எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தானா ராத்தா டவுனுக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். போக வர என் காடிதான். வரும்போது அவருக்குத் தலை நிற்காது. பின் சீட்டில் கால் மடக்கிப் படுத்துக்கொள்வார். அந்தச் சீட்டைத்தான் நான் தராசில் தொங்கவிட்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனும் அவர் மனைவியும் காடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அக்காவுக்கு நாக்கு கத்தி. கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார்.

"பின்னாடி சீட்டு எங்க தம்பி?"

"கழுவப் போட்டிருக்கேன்க்கா."

"ஓ. குளிச்சிட்டு வருமா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே முன் சீட்டில் ஏறினார். வரும்போதும் முன் சீட்டில்தான் வந்தார். சீட்டைச் சாய்த்துக் கொடுத்தேன். "நல்லாத்தான்லா இருக்கு," என்றார். சொன்னபோது முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. அந்த வாரமே காடியைத் தரையோடு ஒட்ட இறக்கி, கட்டையான ஸ்பிரிங் போட்டேன். எங்கள் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் மண் பாதையில் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வந்தது. ஊசி குத்தும் கையை அண்ணன் மறு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பள்ளத்துக்குப் பள்ளம் நான் "சாரிண்ணே" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "நீ ஒவ்வொண்ணுக்கும் சொல்லாத தம்பி, எண்ணிக்கிட்டு வர்றேன், எனக்குத் தப்பிப் போவுது," என்றார்.

இரவு சோறு போடும்போது என் மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த அண்ணன் குனிஞ்சு குனிஞ்சு ஏறுறாரே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். அது ரசம்.

அதற்குப் பிறகுதான் பிரேக் கட்டை மாற்றினேன். பந்தயத்துக்கென்றே செய்த கட்டை. சூடானால் பிடிக்கும், சூடாகாவிட்டால் பிடிக்காது. கூட்டாளி இதைச் சொல்லித்தான் கொடுத்தான். எங்கள் ஊரில் காலையில் வாய் திறந்தால் புகை வரும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. வியாழக்கிழமை காலை, அண்ணன் பக்கத்தில். லயத்துச் சரிவில் இறங்கி முதல் வளைவுக்கு வந்தோம். எதிரே கொழுந்து ஏற்றும் டிராக்டர் பாதையை அடைத்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். மரக்கட்டையை மிதித்தது போல இருந்தது. காடி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் வீரத்தைச் சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாரியம்மனைக் கூப்பிட்டேன், என் அம்மாவைக் கூப்பிட்டேன், ஏனோ ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியையும் கூப்பிட்டேன். நல்லவேளையாகக் கைக்குத் தனி மூளை இருந்தது. அது கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, காடியைத் தேயிலைச் செடிகளுக்குள் திருப்பிவிட்டது. நின்றோம். சன்னல் வழியாக ஒரு செடி உள்ளே வந்திருந்தது. அண்ணன் மடியில் கொழுந்து.

அவர் அதை எடுத்து வெளியே போட்டார். பிறகு கேட்டார்: "பிரேக்கு இன்னும் எந்திரிக்கலயா?"

நான் இஞ்சினை அணைத்தேன். அவர் கை நடுங்கியது. அதை நான் பார்க்கக் கூடாது என்று துண்டுக்குள் விட்டுக்கொண்டார். அதை நான் பார்த்துவிட்டேன். சறுக்கி இறங்கிய சரிவைவிட அந்தத் துண்டுதான் என்னைப் பயமுறுத்தியது.

பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடாக்கிக்கொண்டே தானா ராத்தா போய் நாங்கள் திரும்பி வருவதற்குள் விஷயம் லயத்துக்கு வந்துவிட்டது. அக்கா வாசலில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "நான்தான் நிறுத்தச் சொன்னேன். கொழுந்த பக்கத்துல பாத்து நாளாச்சு." அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியில் சிக்கியிருந்த கிளையைப் பார்த்தார். "செடியோடவா பாக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னைத் திட்டியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை பந்தயத் தடத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. முன் இடது சீட்டையும் கழற்ற வேண்டும் என்றான் கூட்டாளி. அதைக் கழற்றினால் காடியில் இருப்பது என் சீட்டு ஒன்றுதான். காடி மெலிய மெலிய அண்ணனுக்கு இடம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போனது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஸ்டோரில் மிஷின் சத்தத்தில் ஒத்திகை பார்த்தேன். அவர் வீட்டு வாசலில் நின்றபோது வேறு ஒன்றுதான் வாயிலிருந்து வந்தது.

"அண்ணே, சனிக்கிழமை ரோட்டு டேக்ஸ் விஷயமா ஈப்போ போவணும்."

"போய்ட்டு வா தம்பி."

"நீங்க?"

"நான் பாத்துக்கறேன். சுசா இல்ல, சிரமம் ஒண்ணும் இல்ல." என் கைப்பக்கம் பார்த்தார். "ரோட்டு டேக்ஸுக்கு ஹெல்மெட் கேக்குறாங்களா இப்ப?"

புது ஹெல்மெட் என் அக்குளில் இருந்தது. கடையிலிருந்து நேராக வந்த நான் அதை வீட்டில் வைக்க மறந்திருந்தேன். சட்டம் மாறிவிட்டது என்று ஏதோ சொன்னேன். "அப்ப சரி," என்றார்.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் கிளம்பினேன். கூட்டாளி தன் வேனில் டயரும் சாமானும் ஏற்றி முன்னாலேயே போயிருந்தான். பெரிய ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு லாரி. திரிங்காப் தோட்டத்திலிருந்து தானா ராத்தா கடைகளுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் சின்ன லாரி. தாண்டலாம் என்று பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். வளைவில் லாரியின் இடது முன் சன்னலில் ஒரு முழங்கை தெரிந்தது. துண்டு போட்ட தோள். அண்ணன்.

அவ்வளவு உயரத்தில் அவர் எப்படி ஏறினார் என்பதுதான் முதலில் தோன்றியது. யார் தூக்கிவிட்டது? அக்காவா?

பந்தயத்துக்குப் போகிற காடி. எடை குறைத்தது, டயர் மாற்றியது, புகைக்குழாய் போடும் சத்தத்தில் செடிகளே விலகும். அந்தக் காடியால் ஒரு முட்டைக்கோஸ் லாரியைத் தாண்ட முடியவில்லை. இடம் கிடைத்தது, கால் அழுத்த மறுத்தது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். வளைவுக்கு வளைவு லாரியின் பின்னால் போனேன். முட்டைக்கோஸ் எல்லாம் திரும்பி உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. கடைசியில் சன்னலிலிருந்து அண்ணனின் கை வெளியே வந்தது. எதிரே வண்டி இல்லாதபோது, போ போ என்று அசைத்தது. தாண்டினேன். தாண்டும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையில் கவனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தடத்தில் என் சாதனையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். உள்ளே விடுவதற்கு முன் காடிகளை வரிசையில் நிறுத்தினார்கள். உச்சி வெயில். முன்னால் எவனோ எண்ணெய் சிந்தி, அதைத் துடைக்கும்வரை எல்லோரும் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றோம். சூடு காட்டும் முள் மெதுவாக ஏறியது. பிறகு மெதுவாக இல்லை. பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி. கொடி பிடித்த பையன் ஓடி வந்து, "அங்கிள், இறங்குங்க அங்கிள்," என்றான். இடுப்புப் பட்டையை எப்படிக் கழற்றுவது என்று எனக்கு மறந்துபோய்விட்டது. காடி வெடிக்கப் போகிறது என்று முடிவு செய்து ஹெல்மெட்டோடு சன்னல் வழியாக வெளியேற முயன்றேன். வயிறு வரவில்லை. கூட்டாளி வந்து கதவைத் திறந்துவிட்டான். பானட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"மச்சான், ரேடியேட்டர் ஃபேன் எங்கடா?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"மலையில அது ஓடி நான் பாத்ததே இல்லடா. சும்மா எடைதானேன்னு..."

அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தேன். அண்ணன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா, யார் இறக்கிவிட்டார்கள், திரும்ப எதில் வருவார்? அக்காவின் நம்பரைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தேன். கூப்பிட்டால் ஈப்போவிலிருந்து பேசுவது போலப் பேச வேண்டும். பின்னால் காடிகள் சீறுகின்றன. கூப்பிடவில்லை. ஒரு சுற்றுகூட ஓடாத காடியைத் தடத்துக்கு வெளியே ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, கூட்டாளியின் வேனில் டயர்களோடு டயராக மலை ஏறினேன். இஞ்சின் தலை வளைந்துவிட்டதாம். நாளாகும் என்றார்கள்.

ஞாயிறு காலை எதிர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சவரம் செய்திருந்தார், தெளிவாக இருந்தார். மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன்: தடம், ஃபேன், சன்னலில் மாட்டிய வயிறு. அக்கா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டுப் பாத்திரத்தை உருட்டினார். கூட்டாளியின் வேனைக் கேட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வந்து அழைத்துப் போகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. லாரிக்காரன் வரேன்னு சொல்லிட்டான். ரெண்டு பேரா தூக்கி விடுறாங்க. மேல உக்காந்தா நல்லா காத்து."

"வரும்போது சிரமம்ணே."

"வரும்போது கொசோங் லாரி, காலியாத்தான் வரும். பின்னாடி சாக்கு விரிச்சுப் படுத்துக்கறேன்." அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுந்து போகாமல் அங்கேயே நின்றேன்.

"காடி வந்ததும் எல்லாத்தையும் திரும்ப மாட்டிடுவேண்ணே. சீட்டு, ஸ்பிரிங்கு, பிரேக்கு எல்லாம் பழசு. நீங்க வரணும்."

அண்ணன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அக்கா கதவோரம் வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செவ்வாயும் வியாழனும் லாரி. வாக்குக் குடுத்தவன்கிட்ட வேணாம்னு சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "சனிக்கிழமை நீ வரலாம். சனிக்கிழமைல உனக்கு வேற வேலை இல்லையே?"

பந்தயத் தடம் சனிக்கிழமைகளில்தான் திறக்கும் என்று நான் அப்போதுதான் வாய் ஓயாமல் சொல்லி முடித்திருந்தேன்.

"இல்லக்கா," என்றேன்.

"எல்லா சனியும்?"

"எல்லா சனியும்."

அண்ணன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.