செம்பூர் மண்டபத்தில் பதினாறு நிமிடங்கள்

காலை 10.42க்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. மும்பை செம்பூரில், ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரில் தொங்கிய திரையில் என் பெயர் வந்தது. ‘இசக்கிமுத்து – தகவல் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இசக்கிமுத்துவாகிய நான் திரைக்கு எதிரே, மூன்றாவது வரிசையில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பி நான்கு நாளாகிவிட்டது. இன்னும் போன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனாலும் அந்த நாளைப் போல் பரபரப்பான நாளை நான் கண்டதில்லை. அன்று விடிந்ததிலிருந்து சொல்கிறேன்.

காலை 6.30, தாராவி. தொண்ணூறு அடி சாலையிலிருந்து பிரியும் சந்தில், கீழே பை தைக்கும் பட்டறையும் மேலே வீடுமாக இருக்கிறான் என் மைத்துனன் செல்லத்துரை. நான் சங்கரன்கோவிலில் புவியியல் ஆசிரியர். மகள் கோமதியின் வேலையைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். விமான நிலையங்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதிக்கொடுக்கும் ஆலோசனை நிறுவனம் அவளுடையது. மொத்தம் ஏழு பேர். தீயணைப்பு வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்த வாசலில் யாரை எப்படிச் சோதிக்க வேண்டும், ஆபத்து வந்தால் கூட்டத்தை எந்த வழியாக வெளியேற்ற வேண்டும் என்று கோடு போட்டுத் தருவார்கள்.

கோமதி தனியாக எழுதிய முதல் திட்டம், விபத்து நடந்தால் பயணிகளின் உறவினர்கள் வந்து காத்திருக்கும் கூடத்தைப் பற்றியது. பத்து நிமிடத்துக்கு மேல் எந்த உறவினரும் பேச்சுத்துணையின்றி விடப்படக் கூடாது என்பது அதன் முதல் விதி. அன்று அதற்கு ஒத்திகை. வேறு மாநிலத்துச் சிறிய விமான நிலையம் ஒன்றிலிருந்து இரண்டு அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அன்றே திட்டத்தை வாங்கிக்கொள்வார்கள். அந்த நிலையத்தை நேரில் பார்க்க இரண்டு நாள் முன்னால் போயிருந்த கோமதி, காலை 9.20க்கு மும்பையில் இறங்கி நேராக மண்டபத்துக்கு வருவதாக ஏற்பாடு.

உறவினராக நடிக்க நாற்பது பேரைத் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் திரட்டியவன் செல்லத்துரைதான். நானும் அதில் ஒருவன்.

“அத்தான், அழுகை வருமா ஒங்களுக்கு?” என்று கேட்டான்.

“முப்பது வருசம் பத்தாம் வகுப்பு பேப்பர் திருத்தினவன்டா மாப்ள. நினைச்சவுடனே வரும்.”

காலை 8.15. நல்ல மழை. டாக்சி பிடித்தோம். செம்பூருக்கு எட்டு கிலோமீட்டர், நூற்று அறுபது ரூபாய், ஐம்பது நிமிடம். சயான் சர்க்கிளில் மட்டும் பதினைந்து நிமிடம் நின்றோம். மண்டபத்தின் பேரைக் கேட்டதும் யாருக்குக் கல்யாணம் என்று டிரைவர் இந்தியில் விசாரித்தார். கல்யாணமில்லை, விமான விபத்துக்கு ஒத்திகை என்றான் செல்லத்துரை. டிரைவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “எனக்குக் கல்யாணத்துக்கே ஒத்திகை வைக்கலையே பாய்” என்றார்.

காலை 9.05. முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் இன்னும் நின்றது. மணமேடைச் சுவரில் திரை, அதன் கீழே நீண்ட மேசை, மேசைக்குப் பின்னால் கணினியோடு கோமதி அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர். நிலேஷ் என்ற இளைஞன்தான் அங்கே பொறுப்பு. யாரைத் தேடி வந்திருக்கிறோம் என்று எழுதிய அட்டையை ஆளுக்கு ஒன்றாகக் கழுத்தில் மாட்டிவிட்டான். எனக்குக் கிடைத்தது தம்பி ஆனந்த், இருக்கை 11சி. பக்கத்து நாற்காலியில் ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த பேச்சியக்கா. தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கு மாமியாரக் குடுத்திருக்காவ அண்ணாச்சி. எப்பிடி முக்குனாலும் அழுக வரமாட்டேங்கு. மாத்திக்கிடுவமா?”

காலை 10 மணிக்கு மணி அடித்தது. அடுத்த அரை மணி நேரம் எனக்குள் இப்படி ஓர் ஆள் இருந்தானா என்று ஆச்சரியப்படும்படி இருந்தது. மேசையைத் தட்டினேன். இல்லாத தம்பிக்காகக் குரலெடுத்தேன். பேச்சியக்கா மாமியாரின் குணங்களைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைக்க, பின்வரிசை சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்தது. ஓரமாக நின்ற இரண்டு அதிகாரிகளும் குறிப்பெடுத்தார்கள். என் மகள் எழுதிய ஒவ்வொரு வரியும் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவள் வந்து பார்க்க வேண்டுமே என்றிருந்தது.

அவள்தான் வரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. “மழையில்லா, வந்துருவா அத்தான்” என்றான் செல்லத்துரை. பிறகு அடுத்த சுற்று டீ எடுத்து வர வெளியே போனான்.

அப்போதுதான் 10.42.

ஊரில் அவள் ஐ. கோமதி. என் பெயர் அவளுக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விமான டிக்கெட்டோ அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாது. எல்லோரையும் போல அவளும் அங்கே அப்பா பெயரைத்தான் நிரப்புவாள். பயணிகள் பட்டியலில் அது முன்னால் வந்து நிற்கும். திரையை மறுபடி படித்தேன். பெயருக்குப் பின்னால், முதலில் கண்ணில் படாத ஓர் எழுத்து. ‘இசக்கிமுத்து, ஜி.’ அங்கே நான் முழுப் பெயர். அவள் ஓர் எழுத்து.

பட்டியலை நிரப்பப் பெயர் போதாமல், அலுவலகத்தின் பழைய டிக்கெட்டுகளிலிருந்து நிலேஷ் எடுத்துப் போட்டிருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தவை மூன்றுதான்: மழை, அணைந்த போன், சுவரில் அந்தப் பெயர்.

மேசைக்குப் போனேன். “அது என் பொண்ணு. ஒன்பது இருபது விமானம்” என்றேன். ஆங்கிலமும் தமிழும் கலந்து வந்தது. உட்கார்ந்திருந்தவர் பணிவாகச் சொன்னார்: “உட்காருங்கள். தகவல் உறுதியானதும் சொல்வோம்.” ஏழு முறை கேட்டேன். ஏழு முறையும் அதே வாக்கியம். என் மகள் எழுதிக்கொடுத்தது. பின்னாலிருந்து நிலேஷ் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். “அங்கிள், ஏக்தம் மஸ்த்” என்றான். பிரமாதமாக நடிக்கிறேனாம். ஓர் அதிகாரி லேசாகக் கைதட்டவும் செய்தார்.

மேசை விளிம்பைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையிலிருந்து ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பேச்சியக்காதான் வந்தாள். என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அட்டையைக் கழற்றி எறிந்தாள்.

“ஏ தம்பி, நிறுத்துலே. அண்ணாச்சி நடிக்கல. நெசமாவே பிள்ளையக் கேக்காவ.”

நிலேஷுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. உடனே போனை எடுத்து விமான எண்ணைத் தேடினான். மழையால் அந்த விமானம் இறங்க இடம் கிடைக்காமல் வானத்திலேயே சுற்றிவிட்டு, சற்றுமுன்தான் தரையைத் தொட்டிருந்தது. அப்போது மணி 10.58.

பேச்சியக்கா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். டீயோடு வந்த செல்லத்துரை விஷயம் தெரிந்ததும் என் அருகில் தரையில் உட்கார்ந்தான்.

காலை 11.50. நனைந்த துப்பட்டாவும் தோளில் பையுமாகக் கோமதி உள்ளே வந்தாள். நிலேஷ் வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நேரே என்னிடம் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஓடி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது.

“எத்தனை நிமிசம்ப்பா?”

“பதினாறு.”

“மேசையிலேர்ந்து யாராவது எந்திரிச்சு உங்ககிட்ட வந்தாங்களா?”

“இல்லம்மா. இந்த அக்காதான் வந்தா.”

என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தாள். எல்லாமே ஒத்திகை என்றே நினைத்துக்கொண்டிருந்த அதிகாரிகளில் மூத்தவர் புன்னகையோடு முன்னால் வந்தார். ஒத்திகை மிக நன்றாக இருந்தது, அதிலும் அந்தப் பெரியவரின் நடிப்பு அபாரம், திட்டத்தை இன்றே எடுத்துப் போகிறோம் என்றார். கோமதி பையிலிருந்து எடுத்த கோப்பை நீட்டவில்லை. மார்போடு பிடித்துக்கொண்டாள்.

“அவர் நடிக்கலை சார். அவர் எங்கப்பா. பத்து நிமிஷம்னு எழுதினேன். ஒரு அப்பா இங்கே பதினாறு நிமிஷம் தனியா தவிச்சிருக்கார், என் மேசையிலேர்ந்து ஒருத்தர்கூட எந்திரிக்கலை. இந்தத் திட்டத்தை இன்னைக்கு உங்க கையில கொடுக்க மாட்டேன்.”