காய் வெடிக்கும் நேரத்துக் கச்சேரி

தினேஸ்வரியின் இசையைக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்காதவர்கள் ஈப்போ பக்கத்துச் சிலிபினில் ரொம்பக் கொஞ்சம். நியூ ஏஜ் இசை என்று அதற்கு வெளியுலகத்தில் பேர். வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. ஒரு கீபோர்டு, கூடவே காற்றோ அலையோ தவளையோ, அவ்வளவுதான். ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்க்கிறவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்றால், அந்த இயந்திர இரைச்சலிலிருந்துதான் என்பாள். நிஜம்தான். நாள் பூராவும் காதை அடைத்துக்கொண்டு நிற்பவளுக்குத்தான் ஒரு தவளையின் அருமை தெரியும்.

அவளுடைய பதிவுகள் எல்லாமே நேரடிக் கச்சேரிகள். ஜனங்களை உட்காரவைத்து வாசிப்பாள். பதிவானதில் எதையும் பிறகு வெட்ட மாட்டாள். பாகான் டத்தோ கடலோரப் பதிவில் ஒரு காக்கை அவளைவிட அதிகமாகக் கத்தியிருக்கும். "அதுவும்தான் வாசிச்சுச்சு, எப்படி வெட்டுறது?" என்றாள். இந்தப் பிடிவாதத்துக்கே அவளைக் கும்பிடலாம்.

போன ஆகஸ்டில் அவளுக்கு வேண்டியிருந்தது பால்மரக் காய் வெடிக்கிற சத்தம். கொளுத்துகிற வெயிலில் ரப்பர் காய் டப்பென்று வெடித்து, கொட்டை தகரக் கூரையில் விழுந்து உருளும். ஈப்போவுக்கு வெளியே, மூடிப்போன தோட்டம் ஒன்றில், பழைய மண்டபத்தைச் சுற்றி நாற்பது மரம் மிச்சம். அடுத்த மாதம் அதையும் வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்கள். இதை விட்டால் போச்சு. உச்சி வெயிலில் கச்சேரி வைத்தாள்.

கச்சேரியை முன்னின்று நடத்திய தோட்டத்துக் கோயில் தலைவர் உடையப்பன் தங்கமான மனுஷர். மைக் கையில் கிடைத்தால் மட்டும் வாய் சும்மா இருக்காது. தினேஸ்வரி கொஞ்சம் வாசித்துவிட்டு, காய் வெடிக்கட்டும் என்று கையை எடுத்தாள். பிள்ளைக்கு மறந்துபோச்சு என்று பதறிவிட்டார் மனுஷர். "தங்கச்சிக்குப் பலமா ஒரு கைத்தட்டு கொடுங்கலா!" கேட்க வந்திருந்த எண்பது பேரும் மண்டபம் அதிரத் தட்டினார்கள். வெளியே வெடித்த காய் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

மறுபடி வாசித்தாள், மறுபடி நிறுத்தினாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அடப் பாவமே! அத்தனையும் அன்பு, யாரைக் கோபிப்பது? மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் போனால் காய் வெடிக்காது.

மேடையில் ஒரு வார்த்தை பேசியறியாதவள் எழுந்தாள். "அண்ணே, நான் ஒண்ணும் மறக்கல. கை தட்டாதீங்க. வெளிய பால்மரக் காய் வெடிக்குது. அதைக் கேக்கத்தான் நிறுத்துறேன்." குரல் நடுங்கியது. பதிவில் அந்த நடுக்கம் அப்படியே இருக்கிறது.

மண்டபம் அடங்கியது. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அந்த மரங்களில் பால் எடுத்தவர்கள். இந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்று யாரும் அவர்களை உட்காரச் சொன்னதில்லை. வெயில் மங்கியது. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. ஒன்றையும் காணோம். அவள் கீபோர்டைத் தொடவில்லை. அப்புறம், டப். கொட்டை தகரத்தில் விழுந்து கடகடவென்று உருண்டது. இன்னொன்று வெடித்தது. அதன் பின்னாலேயே அவள் விரல் மெதுவாக வந்து சேர்ந்தது. மொத்தம் பதினொரு நிமிடம். அவள் வாசித்ததிலேயே அழகானது அதுதான், சத்தியமாகச் சொல்கிறேன்.

பதிவில் அதன் ஒன்பதாவது நிமிடத்தில் ஓர் ஆண்குரல் கேட்கும். மைக்கை அணைக்க மறந்த உடையப்பன் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுக்கிறார்: "ஸ்ஸ்... தட்டாதலா. இன்னொண்ணு வரும்."